டைப் செய்வதா, பட்டனைத் தட்டுவதா? எழுத்து விளையாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படமே இல்லாமல், எழுத்தை மட்டும் வைத்துப் பலர் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு ஒன்றை நாங்கள் நான்கு பேர் தமிழில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். சனிக்கிழமை மாலைகளில், சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் நண்பர் ஒருவரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் எல்லா வேலையும். விஷயம் தெரிந்த அலுவலக நண்பர்கள், தீபாவளிக்கு வந்த உறவினர்கள், அந்த நண்பரின் அம்மா என எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள்: "இந்தக் காலத்தில் எதற்கு டைப் பண்ண வைக்கிறீர்கள்? பட்டன் வைத்தால் போகிறது!" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில், இது என்ன மாதிரி விளையாட்டு?

திரையில் இப்படி வரும்: "பாழடைந்த மண்டபம். வடக்கே ஒரு கதவு. தரையில் ஒரு கத்தி கிடக்கிறது." நீங்கள் "கத்தியை எடு" என்று எழுதி என்டரைத் தட்டினால் கத்தி உங்கள் கைக்கு வந்துவிடும். அதே மண்டபத்தில் வேறொருவர் நின்றால், நீங்கள் கத்தியை எடுத்தது அவர் திரையிலும் ஒரு வரியாகத் தெரியும். அவர் இருப்பது உட்லண்ட்ஸிலா, கனடாவிலா என்பது உங்களுக்குத் தெரியாது.

இந்த வகைக்கு 'மட்' என்று பெயர். 1978-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா தொடங்கி வைக்க, ரிச்சர்ட் பார்ட்டில் அதை எடுத்து வளர்த்தார். இன்றைய பெரிய இணைய விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன் அது. 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் என்ற பட விளையாட்டு, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த டிக்குமட் என்ற மட்டுக்குப் படம் போட்டது போலவே இருக்கிறது என்று பேச்சு கிளம்பி, அதிலிருந்து நிரல் எதையும் எடுக்கவில்லை என்று தயாரித்தவர்கள் உறுதிமொழி எழுதிக் கொடுக்கும்படி ஆனது.

எத்தனை கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் ஒரு மாதம் ஓட்டலாம். திசைகள், பார், எடு, போடு, திற, சொல், பையில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒன்று. மற்றவை தேவை வரும்போது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சரி, பட்டன் வைத்தால் அப்படி என்ன குறைந்துவிடும்?

காப்பிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். "கோப்பி சி சியூ தாய் பெங்" என்று சொல்கிறீர்கள். அதுவும் ஒரு கட்டளைதான். முதலில் பொருள், அப்புறம் பால், அப்புறம் சர்க்கரை, கடைசியில் ஐஸ். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் தலைகால் புரியாது. பழகிவிட்டால் இரண்டு விநாடியில் முடிகிற வேலை. அதே கடையில் தொடுதிரை வைத்தால் புதியவருக்கு நிம்மதி, பழகியவருக்கோ ஆறு தட்டல்.

வேகத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அந்த அங்கிளிடம் "நேற்று போட்ட மாதிரியே, கொஞ்சம் கெட்டியாக" என்று சொல்லிப் பார்க்கலாம். அவர் போடலாம், முறைக்கலாம். எதுவானாலும் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. தொடுதிரையில் அந்த வழியே இல்லை. திரை காட்டாததை நீங்கள் கேட்க முடியாது.

எழுத்து விளையாட்டிலும் அதே கதைதான். மண்டபத்தில் எட்டுத் தூண்கள் இருக்கின்றன, ஒன்று மட்டும் உள்ளே பொள்ளல் என்று வைத்துக்கொள்வோம். டைப் செய்யும் விளையாட்டில், வர்ணனையில் "ஒரு தூணின் பக்கம் மட்டும் எறும்பு வரிசை" என்று போகிறபோக்கில் ஒரு வரி வரும். கூர்ந்து படித்தவர் "தூணைத் தட்டு" என்று எழுதிப் பார்ப்பார். யாரும் சொல்லித்தராமல் அவருக்கே தோன்றியது அது. பட்டன் விளையாட்டில் "தூணைத் தட்டு" என்ற பட்டனை எங்காவது வைத்தாக வேண்டும். வைத்த நிமிடமே ரகசியம் போயிற்று. படிக்காமலேயே தட்டிவிடுவார்கள்.

பட்டன் மேல் எனக்குள்ள குறை இவ்வளவுதான்: என்ன செய்யலாம் என்று யோசிக்கிற வேலையை அது ஆடுபவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

அது சரி, ஆனால் டைப் செய்யும்போது கணினிக்குப் புரிவதே இல்லையே?

உண்மை. இதை மறைத்துப் பேசுகிற பழைய ஆட்டக்காரர்களை எனக்குப் பிடிக்காது. "எதை வேண்டுமானாலும் எழுதலாம்" என்பது பாதிப் பொய். உள்ளே இருப்பது ஒரு பட்டியல். அதில் உள்ள சொல்லை நீங்கள் எழுதினால் வேலை நடக்கும், இல்லையென்றால் "புரியவில்லை". கண்ணுக்குத் தெரியாத மெனு என்றே சொல்லலாம்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த காலத்தில், ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து இதைத்தான் ஆடிக்கொண்டிருப்பேன். ஒரு பாலத்தடியில் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். கயிற்றைக் கட்டு, கயிற்றை மாட்டு, கயிற்றை முடி என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் தீர்ந்துபோனது. கடைசியில் அது எதிர்பார்த்தது 'லூப்' என்ற ஒற்றைச் சொல். என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். அதை எந்தச் சொல்லால் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அது புதிர் ஆகாது, எழுதியவரின் சோம்பல்.

எனவே எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு விதி: யாராவது எழுதிப் பார்த்து "புரியவில்லை" என்று வந்த ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பில் சேரும். அடுத்த சனிக்கிழமை முதல் வேலை அந்தக் கோப்பைப் படிப்பது. நியாயமாக எழுதியிருந்தால் அந்தச் சொல்லைச் சேர்த்துவிடுவோம்.

படங்கள் வந்த பிறகு டைப் செய்வது ஏன் மறைந்தது?

ஒரே நாளில் மறையவில்லை. 1980-ல் மிஸ்டரி ஹவுஸ் என்ற விளையாட்டு திரைக்குப் படங்களைக் கொண்டுவந்தது, கட்டளையை அப்போதும் டைப்தான் செய்தார்கள். 1984-ல் கிங்ஸ் குவெஸ்ட்டில் ஆள் திரையில் நடந்தான், கீழே வாக்கியம் எழுதினார்கள். 1987-ல் மேனியாக் மேன்ஷன் வினைச்சொற்களைத் திரையின் அடியில் வரிசையாக அடுக்கியது. திற, எடு, தள்ளு, இழு என்று மௌஸால் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். யூகிக்கும் தொல்லை போயிற்று, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் வருடம் போகப் போக அந்த வினைச்சொற்கள் குறைந்துகொண்டே வந்தன. அதே நிறுவனம் 1997-ல் வெளியிட்ட கர்ஸ் ஆஃப் மங்கி ஐலண்டில் மிஞ்சியவை மூன்று படங்கள்: கை, கண், வாய். அதை நானும் விழுந்து விழுந்து ஆடியவன்தான், அருமையான விளையாட்டு. ஆனாலும் தள்ளுவதும் இழுப்பதும் ஒரே 'கை' ஆகிவிட்டன.

பலர் சேர்ந்து ஆடும் பக்கத்தில் 1997-ல் படங்களோடு அல்டிமா ஆன்லைன் வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது.

பெருவிரைவு ரயிலில் கைத்தொலைபேசியில் ஆடலாமா?

ஆடலாம், ஆனால் இங்கே நான் பட்டன் கட்சி. பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் "வடக்கு" என்று எத்தனை தடவை எழுதுவது? அதுவும் விசைப்பலகை மேலெழும்பினால் பாதித் திரை போய்விடும், படிக்க நான்கு வரிதான் மிச்சம். திசைகளுக்கு ஒரு சின்னப் பட்டன் வரிசை, அடிக்கடி செய்வதற்கு மூன்று நான்கு பட்டன்கள், மற்றதற்கு எழுதும் பெட்டி. இதுதான் சரிப்படும். நடப்பதில் யோசிக்க ஒன்றுமில்லை, அதைப் பட்டனுக்குக் கொடுத்துவிடலாம்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஆட முடியுமா?

முடியுமா என்ன, பல மட்களில் நன்றாக ஆடுபவர்கள் அவர்கள்தான். ஆல்டர் ஏயான் என்ற விளையாட்டு பார்வையற்ற ஆட்டக்காரர்களுக்கென்றே பல வசதிகள் செய்து கொடுத்திருக்கிறது. திரையில் வரும் எழுத்தைக் குரலாக்கிப் படித்துக்காட்டும் மென்பொருள் இருந்தால் போதும். என்விடிஏ என்பது அப்படி ஒன்று, விண்டோஸுக்கானது, இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. அதோடு வரும் குரல்களில் தமிழும் உண்டு. அழகான குரல் என்று சொல்லமாட்டேன். டின்னுக்குள் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். ஆனால் பழகியவர்கள் அதை நாம் கேட்டால் ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள்.

டைப் செய்யும் வழி இவர்களுக்கு எந்தக் கூடுதல் ஏற்பாடும் இல்லாமல் கிடைக்கிறது. படப் பட்டன்களில்தான் சிக்கல். பட்டனுக்குப் பின்னால் பெயர் எழுதாமல் விட்டுவிட்டால் குரல் "பட்டன்... பட்டன்... பட்டன்..." என்று மட்டும் சொல்லும். எங்கள் முதல் பதிப்பில் திசைக்கு அம்புக்குறிப் படங்கள் வைத்திருந்தோம். சோதித்துப் பார்த்த நண்பர் ஒருவர், "எட்டு பட்டன் இருக்கு, எட்டுக்கும் ஒரே பேரு, எந்த வீட்டுல இப்படிப் பிள்ளைங்களுக்குப் பேரு வைப்பாங்க?" என்று கேட்டார். அன்றே சரிசெய்தோம்.

எழுத்து விளையாட்டு என்பதாலேயே எல்லாம் சுகம் என்றும் நினைத்துவிட வேண்டாம். நட்சத்திரக் குறியும் கோடுமாக வரைந்த வரைபடங்களைப் பல மட்கள் தூக்கிப் போடும். குரல் மென்பொருள் அதை "கோடு கோடு நட்சத்திரம் கோடு" என்று ஒரு நிமிடம் வாசிக்கும். அதை நிறுத்தி வைக்க ஒரு கட்டளை கட்டாயம் வேண்டும்.

தமிழில் கட்டளை எழுதினால் கணினிக்குப் புரியுமா?

எங்களுக்குத் தூக்கம் கெட்டது இதில்தான். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் வினை முதலில் வரும், பெயர் மாறாமல் நிற்கும். முதல் சொல்லை வெட்டியெடுத்தால் வேலை பாதி முடிந்தது. தமிழில் வினை கடைசியில் வரும். அது பிரச்சினையே இல்லை, கடைசிச் சொல்லை வெட்டினால் போயிற்று. உருபுதான் ஆளைக் கொல்கிறது. வாள் என்பது வாளை ஆகும், மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை, ஆறு ஆற்றை. ஆனால் விளக்கு, விளக்கை என்று நேராகப் போகும். அதற்கு மேல் ஒற்று: வாளை எடு, வாளைப் போடு, வாளைக் கொடு, வாளைத் தா. ஒரே வாளுக்கு ஐந்து வடிவம்! விதிகளை எழுதிப் பார்த்தோம், விதிவிலக்குகள் விதியைவிட நீண்டுபோயின. இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வடிவங்களைக் கையால் எழுதிவைக்கிறோம், கடைசி ஒற்றை மட்டும் நிரல் உதிர்த்துவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை. சந்தை அறை ஒன்றில் மீன்கடை வைத்தோம். டெக்கா சந்தை நினைவில் எழுதியது. அந்த அறையில் ஒருவர் தரையில் கிடந்த வாளைப் பார்த்து "வாளை எடு" என்று எழுதினார். விளையாட்டு அவருக்கு ஒரு வாளை மீனை எடுத்துக் கொடுத்துவிட்டது. அவர் அதோடு அரக்கனிடம் போய்ச் சண்டை போட்டார். மீனைக் கடையிலிருந்து தூக்கிவிடலாம் என்று இருவர், இருக்கட்டும் என்று இருவர். மீன் இன்னும் இருக்கிறது.

திசைகளிலும் அடி விழுந்தது. ஆங்கில மட்களில் ஒவ்வொரு திசைக்கும் முதல் எழுத்து மட்டும் போதும். நாமும் அப்படிச் செய்தால் வடக்கு, தெற்கு சரி. மேற்கும் மேலேயும் 'மே'. கிழக்கு 'கி', கீழே 'கீ', அவசரத்தில் இரண்டும் ஒன்றுதான். மாடிக்கு ஏற வேண்டியவர்கள் மேற்கே போய் ஆற்றில் விழுந்தார்கள். யோசித்தால் இது தற்செயல் இல்லை. மேல் என்ற சொல்லிலிருந்து மேற்கும், கீழ் என்பதிலிருந்து கிழக்கும் வந்ததாக மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். மேற்கே மலை, கிழக்கே கடல் என்று வாழ்ந்தவர்களின் மொழி. புக்கிட் தீமாவைத் தவிர மலையென்று ஒன்றைப் பார்க்காத நாம் அதில் மாட்டிக்கொண்டோம். இப்போது மேலே, கீழே இரண்டையும் எடுத்துவிட்டு 'ஏறு', 'இறங்கு' வைத்திருக்கிறோம். முதல் எழுத்து ஏ, இ. குழப்பம் தீர்ந்தது.

லாபமும் உண்டு. உருபு இருப்பதால் சொற்களை இடம் மாற்றி எழுதலாம். "வாளைப் பெட்டிக்குள் போடு" என்றாலும் "பெட்டிக்குள் வாளைப் போடு" என்றாலும் எது எதற்குள் போகிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் இப்படி மாற்றினால் பெட்டி வாளுக்குள் போய்விடும்.

நண்பரின் அம்மா ஆடியபோது "கதவைத் திறங்க" என்று எழுதினார். கணினியிடம் எதற்கம்மா மரியாதை என்று கேட்டோம். "தெரியாதவங்ககிட்ட எப்படிப்பா 'திற'ன்னு சொல்றது?" என்றார். அன்றிலிருந்து எல்லா வினைக்கும் மரியாதை வடிவத்தையும் சேர்த்துவிட்டோம்.

என் திரையில் தமிழ் எழுத்து உடைந்து வருகிறதே?

பழைய மட்களும் பழைய மென்பொருள்களும் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், திரையில் ஒரு கட்டம் என்று கணக்குப் போட்டவை. நாம் "கொடு" என்று இரண்டு எழுத்து எழுதுகிறோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அது நான்கு குறியீடுகள், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 12 பைட். ஒரு வரிக்கு இத்தனை என்று எண்ணி மடக்கும் நிரல், 'க'வை ஒரு வரியிலும் அதன் உயிர்க்குறியை அடுத்த வரியிலும் போட்டுவிடும். உலாவியில் ஓடும் விளையாட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தைச் சேர்த்து வரைவது உலாவியின் பொறுப்பு.

இன்னொன்று, விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு மட்டும்: 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் அனுப்பலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அனுப்பலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எங்களுக்கு இது தெரிய இரண்டு சனிக்கிழமை ஆனது.

தானாகக் கட்டளை அனுப்ப வைப்பது ஏமாற்று வேலையா?

விளையாட்டைப் பொறுத்தது. "உங்களுக்குப் பசிக்கிறது" என்ற வரி வந்ததும் "ரொட்டியைச் சாப்பிடு" என்று மென்பொருளே அனுப்பும்படி வைக்கலாம். இதை ட்ரிகர் என்பார்கள். பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. ஆள் மேசையில் இல்லாமல் இரவெல்லாம் சண்டை போட வைப்பதைப் பல இடங்களில் தடை செய்திருக்கிறார்கள். சேரும்போதே அந்த விளையாட்டின் விதிகளைப் படித்துவிடுங்கள். பட்டன் கட்சிக்காரர்கள் கவனிக்காத ஒன்று: எழுத்து விளையாட்டில் உங்கள் பட்டனை நீங்களே செய்துகொள்ளலாம்.

மட் ஆட எந்த மென்பொருள் நல்லது? நம் ஊரிலிருந்து தாமதமாகாதா?

மட்லெட் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், லுவா மொழியில் சொந்தமாக நிரல் எழுதலாம். குரல் மென்பொருளோடு ஆடுபவர்கள் பலர் மஷ்கிளையண்ட் பக்கம் போகிறார்கள். விளையாட்டையே செய்ய ஆசைப்பட்டால் பைத்தானில் எழுதிய எவென்னியாவைப் பாருங்கள். உலாவியில் ஆடும் வசதி அதோடு சேர்ந்தே வருகிறது.

தாமதம் பெரிய விஷயமே இல்லை. அமெரிக்காவில் உள்ள சர்வருக்குப் போய்வரக் கால் விநாடிக்குக் கிட்ட ஆகும். சண்டைச் சுற்று சில விநாடிக்கு ஒருமுறைதான் நடக்கும். நேரம்தான் இடிக்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கோடையில் இரவு 9 மணி என்றால் நமக்குக் காலை 9. அங்கே கூட்டம் களைகட்டும்போது நாம் அலுவலகத்தில்.

பிள்ளைகளை ஆடவிடலாமா?

படிக்கவும் எழுதவும் வைக்கிற விளையாட்டு என்பதால் நான் விடுவேன். என் மகள் பள்ளிக்கூடக் கட்டுரைக்குக்கூட இவ்வளவு ஒற்று கவனித்து எழுதியதில்லை. ஆனால் முன்பின் தெரியாதவர்கள் பேசும் இடம் என்பதால் நீங்களும் பக்கத்தில் இருங்கள். பல மட்கள் பயன்படுத்தும் டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறையில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும். வேறெங்கும் பயன்படுத்தும் கடவுச்சொல்லை அங்கே கொடுக்க வேண்டாம்.

கடைசியில் உங்கள் விளையாட்டில் பட்டனா, டைப்பா?

நடக்க, பார்க்க, பையைத் திறக்க, பட்டன் இருக்கிறது. வேண்டாதவர்கள் மறைத்து வைக்கலாம். பேசுவதும், பொருள்களோடு மல்லுக்கட்டுவதும் டைப் செய்துதான். எங்கள் நால்வரில் ஒருவர் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பட்டன் வேண்டும் என்கிறார். அவர்தான் தொடுதிரையில் கோப்பி வாங்குகிறவர்.

நாங்கள் எப்போது ஆடலாம்?

இப்போதைக்குப் பதினொரு அறைகள்தான் இருக்கின்றன. ஏழாவது அறையில் ஒரு கிணறு. 'இறங்கு' என்றால் இறங்கிவிடுகிறீர்கள். வெளியே வர "கயிற்றைப் பிடி" என்று எழுத வேண்டும், ஆனால் அந்தக் கயிற்றுக்கு மட்டும் இரண்டாவது வடிவத்தை எழுத மறந்துவிட்டோம். நண்பரின் அம்மா போன சனிக்கிழமையிலிருந்து உள்ளேதான் இருக்கிறார்.